படிப்புக்கும் ஒரு கூட்டு ஒப்பந்தம் வேண்டும்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அல்ல, உங்கள் படிப்பைப் பற்றி. மலையிலும் ஃபெக்டரியிலும் பிள்ளைக் காம்பராவிலும் வேலை செய்துகொண்டே, அந்த வேலையையே பாடமாக வைத்து, ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழைப் பெறுவது பற்றி.

இது நடக்காத காரியம் இல்லை. தோட்டத்தில் ஆள் இல்லை, இருக்கிறவர்களின் திறனை வளர்க்க வேண்டும் என்று கம்பனிகள் பேசுகின்றன. கைத்தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து பாடநெறி நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும் பேசுகின்றன. இந்த இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், நாளைக்கு உங்கள் தோட்டத்துக்கும் ஒரு தாள் வரலாம். "நல்ல திட்டம், சங்கமும் ஒத்துழைக்க வேண்டும்" என்று துரை சொல்வார். நாமும் சந்தோஷத்தில் தலையாட்டிவிடக் கூடாது, சந்தேகத்தில் தட்டிவிடவும் கூடாது. அந்தத் தாளில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு அனுபவம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். எங்கள் அங்கத்தவர் ஒருவர், பதினேழு வருடம் கொழுந்து பறித்த அக்கா. தோட்டத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும். கள மேற்பார்வை, கணக்கு, முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அந்த அக்கா அதைச் சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். பிறகு வெளியில் ஒரு மேற்பார்வையாளர் பாடநெறிக்கு விண்ணப்பித்தபோது, அங்கே மூன்று கேள்வி கேட்டார்கள். இது எந்த மட்டம்? எத்தனை கிரெடிட்? பதிவு இலக்கம் என்ன? மூன்றுக்கும் அந்தத் தாளில் பதில் இல்லை. "பயிற்சியில் பங்குபற்றினார்" என்று மட்டும் இருந்தது. எங்களிடம் வந்து அவர் சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை. "ஆறு மாசம் சனிக்கெழம கைக்காசக்கூட விட்டுட்டுப் போனேன் அண்ணே. இது நான் போனதுக்குத்தான் சாட்சி. படிச்சதுக்கு இல்ல."

போனதுக்குச் சாட்சி வேறு, படித்ததற்குச் சாட்சி வேறு. இந்த வித்தியாசத்தை நாம் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இரண்டு ஏணிகள்

நமது நாட்டில் தகுதியை அளக்க இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்று, என்.வி.கியூ. என்று நம் பிள்ளைகள் சொல்லும் தேசிய தொழிற்தகைமை. அதில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதை நிர்வகிக்கிறது. இந்த ஏணியில் ஏறி வருபவர்களுக்குப் பட்டம் வரை கொடுப்பதற்காகவே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இரத்மலானையில் யுனிவொடெக் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது.

மற்றது பல்கலைக்கழகங்களின் ஏணி. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு என்று 2012 இல் வந்தது. சாதாரண தரத்தில் தொடங்கிக் கலாநிதிப் பட்டம் வரை 12 மட்டங்கள். இரண்டு ஏணிக்கும் நடுவில் பாலமும் உண்டு. தொழிற்தகைமையின் 5 ஆம் மட்ட டிப்ளோமா, பல்கலைக்கழக ஏணியில் 3 ஆம் மட்டத்தில் பொருந்துகிறது. 7 ஆம் மட்டம், 5 ஆம் மட்டமான பட்டத்தில் பொருந்துகிறது.

ஆகவே தோட்டத்துக்கு வரும் எந்தப் பாடநெறியைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது இது: இந்த இரண்டு ஏணியில் எதில், எந்தப் படியில் இது நிற்கிறது? ஏணியில் இல்லாத பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை. முதலுதவியை யார் எப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் நல்லதுதான். ஆனால் அதைப் பல்கலைக்கழகப் படிப்பு என்று சொல்லி நம் ஆட்களின் சனிக்கிழமைகளை வாங்கக் கூடாது.

தொழிலாளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் கல்வி நிறுவகம் என்று ஒன்று 1970களிலேயே உருவானது. வேலை செய்பவர்களுக்குத் தொழிலாளர் கல்வியில் பட்டமே கொடுத்தது. பல தொழிற்சங்கவாதிகள் அங்கே படித்தவர்கள். உயர்தரம் இல்லாதவரும் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கி மேலே ஏற, திறந்த பல்கலைக்கழகத்தில் வழி உண்டு. பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. அத்துருகிரியவில் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து இயங்குகிறது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு 1925 இல் இருந்து வரலாறு. தேயிலையைப் பற்றிப் படிக்க இந்த நாட்டில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடங்களுக்கும் பிரட்டுக்களத்துக்கும் நடுவில் பாதைதான் இல்லை. அந்தப் பாதையைப் போடும்போது மேசையில் மூன்று நாற்காலி வேண்டும். கம்பனிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து நாம் கேட்க வேண்டியவை ஆறு.

ஒன்று: யாருடைய நேரம்?

பல்கலைக்கழகங்கள் படிப்பை கிரெடிட் என்ற அலகில் அளக்கின்றன. நாம் கொழுந்தைக் கிலோவில் அளப்பது மாதிரி. நமது நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பில் இருப்பது, வீட்டில் வாசிப்பது, பரீட்சைக்கு ஆயத்தமாவது எல்லாம் சேர்த்து 50. ஆனால் வேலைத்தளப் பயிற்சி என்று வந்தால், ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். வேலைத்தளத்தில் படிக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு வகுப்பு மணித்தியாலத்தின் பாதிப் பெறுமதிதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 ஆம் மட்ட டிப்ளோமாவுக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். அதில் 10 கிரெடிட் வேலைத்தளத்தில் என்று வைத்துக்கொண்டால் 1000 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் 125 வேலை நாட்கள். இது நாம் எப்படியும் மலையில் நிற்கும் நேரம். சரியாகத் திட்டமிட்டால் தனியாக நேரம் தேட வேண்டாம். மீதி 20 கிரெடிட்? அதுவும் 1000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலம்.

கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை எடுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணிடம் கிழமைக்கு 10 மணித்தியாலத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறோம்? லயத்துக் காம்பராவில் ஒரே ஒரு மேசை இருந்தால் அதில் பிள்ளை சாதாரண தரத்துக்குப் படிக்கும். இதைப் பேசாமல் வரையும் எந்தத் திட்டமும் ஆண்களுக்கும், அவர்களிலும் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் மட்டும் வரையும் திட்டம்.

எங்கள் யோசனை இது. கிழமைக்கு அரை நாள், சம்பளத்தோடு, வேலை நேரத்தில், தோட்டத்திலேயே வகுப்பு. இரண்டு வருடத்தில் விடுமுறைகள் போக அது ஏறக்குறைய 400 மணித்தியாலம் வரும். மீதி 600 ஐ நாம் கொடுக்கலாம். கிழமைக்கு 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. அது பங்கு போடுவது. எல்லாவற்றையும் தொழிலாளி தலையில் கட்டுவது பங்கு இல்லை.

வகுப்புக்குப் போன அரை நாளுக்குப் பேர் விழுமா என்று எழுத்தில் கேளுங்கள். அரைப் பேர் போட்டுவிட்டு, "படிப்பு உங்கள் நன்மைக்குத்தானே" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கும் வரவுக் கொடுப்பனவுக்கும் அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும். அன்றைக்குக் கிலோ குறைந்தது என்றும் யாரும் குறை சொல்லக் கூடாது.

இரண்டு: ஏற்கெனவே தெரிந்ததற்கு என்ன மதிப்பு?

இருபது வருடம் கவ்வாத்து வெட்டிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்தக் கொப்பை மூச்சுக்கொப்பாக விட வேண்டும், வறட்சி வரும் முன் எந்த மலையைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் தடவிப் பார்ப்பார்களே, செடியில் மாச்சத்துச் சேர்ந்திருக்கிறதா என்று? அந்தச் சோதனையின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தச் செடி வெட்டைத் தாங்கும், எது செத்துப்போகும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் பெண்களும் அப்படித்தான். மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்ப்பது, சுற்று நாள் பிந்தினால் அரும்பு எப்படி முற்றும் என்பது எல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ள விஷயங்கள். அவர்கள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரை முதலாம் பாடத்தில் உட்கார வைத்து "இதுதான் தேயிலைச் செடி" என்று தொடங்குவது அவமானம். அவருடைய நேரத்தை வீணாக்குவதும்கூட. தொழிற்தகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்கே போகாமல், செய்து காட்டி, வாய்மொழியாகப் பதில் சொல்லி, அனுபவத்துக்கு ஆதாரம் கொடுத்துச் சான்றிதழ் பெறலாம். பல்கலைக்கழகப் பாடநெறியிலும் அதைக் கேளுங்கள்: அனுபவத்துக்கு எத்தனை கிரெடிட் விலக்குக் கொடுப்பீர்கள்? யார் சோதிப்பார்கள்? மலையில் வைத்துச் சோதிப்பீர்களா, மண்டபத்தில் வைத்தா?

ஆதாரம் என்றால் தாள்தான் என்று பிடிவாதம் பிடித்தால் நம் ஆட்கள் தோற்றுப்போவார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முந்திய தலைமுறையும் பிந்திய தலைமுறையில் பலரும் ஐந்தாம் வகுப்போடு மலைக்குப் போனவர்கள். கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கும் கைக்குப் பேனா பாரமாக இருக்கலாம். கேட்பவர் கேட்கட்டும், சொல்பவர் சொல்லட்டும், அதைக் குரல் பதிவாக வைத்துக்கொள்ளட்டும். சாதாரண தரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பும் பாடநெறி நமக்காக வரைந்தது இல்லை.

மூன்று: எந்த மொழி?

நாட்டின் தொழில்நுட்பப் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தேயிலைத் தொழில்நுட்பமும் அப்படித்தான். தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் பெரும்பாலும் ஆங்கிலம், அல்லது சிங்களம். ஆனால் மலையில் வேலை நடப்பது தமிழில். நிரை, கவ்வாத்து, முள்ளுக் குத்துவது, கொழுந்து மடுவம் என்று நமக்கென ஒரு தொழில் மொழியே இருக்கிறது. பாடக் குறிப்பும் வகுப்பும் சோதனையும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது இல்லை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி.

அதோடு நிற்கவும் கூடாது. தமிழில் மட்டும் படித்துவிட்டு மேலே ஆங்கிலச் சுவரில் முட்டி நின்றால், ஏணி இரண்டாம் படியோடு உடைந்துவிடும். ஆகவே பாடம் தமிழில் நடக்கட்டும். அதோடு முதல் நாளில் இருந்தே ஆங்கிலமும் சிங்களமும் கிரெடிட் உள்ள பாடமாகச் சேரட்டும். மலைக்கு சிக்னல் வராத இடங்கள் உங்களுக்குத் தெரியும். "எல்லாம் ஒன்லைனில் இருக்கிறது" என்ற பதிலை ஏற்க வேண்டாம். அச்சடித்த குறிப்பு கையில் வர வேண்டும்.

நான்கு: யார் புள்ளி போடுவது?

வேலைத்தளக் கல்வியில் வேலையைச் சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் தோட்டத்திலேயே இருப்பார். வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கலாம், ஃபெக்டரியில் டீ மேக்கராக இருக்கலாம். அது நல்லது. ஆனால் சொல்லிக் கொடுப்பவரும், பேர் போடுபவரும், புள்ளி போடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும்? காலையில் பிரட்டில் ஒரு கேள்வி கேட்டவருக்கு மாலையில் புள்ளி குறையும். பெண்களுக்கு இது இன்னும் ஆபத்து. ஒரு கையொப்பத்துக்காக யாருக்கும் தலைகுனிய வேண்டிய நிலை வரக் கூடாது.

ஆகவே வழிகாட்டுபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. மதிப்பிடுபவர் பல்கலைக்கழகத்திலிருந்து, அல்லது பதிவு செய்யப்பட்ட மதிப்பீட்டாளர்களிலிருந்து வர வேண்டும். புள்ளியில் திருப்தி இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்ய வழி வேண்டும். அந்த வழி தோட்ட அலுவலகத்துக்குள் போகக் கூடாது, பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஒழுக்காற்று விசாரணைக்கும் படிப்புக்கும் முடிச்சுப் போடவும் கூடாது. மலையில் தகராறு என்று வகுப்பிலிருந்து பெயரை வெட்டுவது சம்பளத்தை வெட்டுவது போன்ற தண்டனை.

இதில் நமக்கும் ஒரு வார்த்தை. வகுப்புக்கு ஆள் தெரிவு செய்யும்போது "நம்ம சங்கத்து ஆளா?" என்று நாமும் பார்க்கக் கூடாது. தலைவரின் மருமகனுக்கு முதல் இடம் என்றால் துரையிடம் நியாயம் கேட்க நமக்கு வாய் இருக்காது. தெரிவு விதியை எழுதிக் கொழுந்து மடுவத்தில் ஒட்டுங்கள். எல்லாச் சங்கத்து ஆட்களுக்கும் அதே விதி. பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

ஐந்து: பிணை என்ற புதிய துண்டு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். முதலாளி படிப்புச் செலவைக் கொடுக்கும்போது பல துறைகளில் ஒரு பிணைப் பத்திரம் வாங்குவார்கள். படித்து முடித்ததும் இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்ய வேண்டும், போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் சனத்துக்கு இதில் பழைய கதை ஒன்று உண்டு.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். அந்தத் துண்டில் தொழிலாளியின் கடன் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடன் ஏறிக்கொண்டே போகும். ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து, டிப்ளோமா என்ற பெயரில் அதே துண்டு நம் பிள்ளைகள் கைக்கு வரக் கூடாது.

எனவே, பிணையே வேண்டாம் என்று முதலில் கேளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், காலம் படிப்புக் காலத்தை விடக் கூடாது. தொகை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால், நோயில் விழுந்தால், பிள்ளைப்பேற்றுக்காக விலகினால் பிணை செல்லாது. முக்கியமானது இன்னொன்று. பிணைக்காகச் சான்றிதழைத் தோட்ட அலுவலகத்து அலுமாரியில் வைத்துப் பூட்டக் கூடாது. புள்ளிப் பதிவும் சான்றிதழும் பல்கலைக்கழகத்தில் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். அவர் இடையில் நிறுத்தினாலும், தோட்டம் கைமாறினாலும், கம்பனி திட்டத்தை மூடினாலும், அதுவரை எடுத்த கிரெடிட் அவருடையது. அதைக் கொண்டு போய் வேறு இடத்தில் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும்.

ஆறு: படித்த மறுநாள் என்ன மாறும்?

கடைசிக் கேள்வி. ஆனால் எங்கள் அக்கா போன்றவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

சம்பளச் சபை நிர்ணயிக்கும் நாட்சம்பளத்தைப் பாருங்கள். நேற்று மலைக்கு வந்தவருக்கும் இருபத்தைந்து வருடம் நின்றவருக்கும் ஒரே சம்பளம். 2021 இல் அது 1000 ரூபாவாக உயர்ந்தபோதும் அப்படித்தான், அதன் பின் கூடியபோதும் அப்படித்தான். அந்த உயர்வுக்காகப் போராடியதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் திறமைக்குப் படி இல்லை. கூடுதல் கிலோவுக்குக் காசு உண்டு, கூடுதல் அறிவுக்கு இல்லை. அடிப்படைச் சம்பளப் போராட்டத்துக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. அதற்கு மேலே கட்ட வேண்டிய மாடியாகச் சொல்கிறோம்.

டிப்ளோமா முடித்தவர் மறுநாள் காலையில் அதே பிரட்டில், அதே பேருக்கு, அதே கூடையோடு நின்றால், அடுத்த வருடம் வகுப்புக்கு ஆள் வராது. "படிச்சு என்ன கிழிச்ச?" என்று லயத்தில் கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆகவே பாடநெறியை வரையும்போதே எழுதிவிட வேண்டும். இந்த மட்டத்தை முடித்தால் இந்தப் பதவிப் பெயர், நாட்சம்பளத்துக்கு மேல் இவ்வளவு கொடுப்பனவு. வெளிக்கள உத்தியோகத்தர், ஃபெக்டரி உத்தியோகத்தர் வெற்றிடம் வந்தால், தகைமை பெற்ற தோட்டத்து ஆட்களுக்கு நேர்முகத்தில் இடம். பிள்ளைக் காம்பரா அக்காமாருக்கும் இதே ஏணி.

முதலாளி தரப்பின் பயம்

"படித்தால் போய்விடுவார்கள்" என்பார்கள். இப்போது போகாமலா இருக்கிறார்கள்? 1992 இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது இருந்த தொழிலாளர் தொகையில் இன்று பாதிகூட இல்லை. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு போகவில்லை. தோட்டத்தில் மேலே ஏற வழி இல்லை என்றுதான் போனார்கள். கவ்வாத்துச் சரியாக விழுந்தால், சுற்று நாள் தவறாமல் போனால், ஃபெக்டரிக்கு வரும் கொழுந்தின் தரம் உயரும். அதில் கம்பனிக்கும் இலாபம். இதை மேசையில் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லலாம். நாம் பிச்சை கேட்கப் போகவில்லை.

வெளிநாட்டில் இருந்து ஒரு பாடம். பிரித்தானியாவில் தொழிற்சங்கங்கள் வேலைத்தளத்தில் கற்றல் பிரதிநிதி என்று ஒருவரைத் தெரிவு செய்கின்றன. யார் என்ன படிக்க விரும்புகிறார், எங்கே தடை என்று பார்ப்பது அவர் வேலை. 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலைக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுத்தது. சங்கங்களின் கல்வித் திட்டங்களுக்கு 1998 இல் அரசாங்க நிதியும் வந்தது. ஆனால் இங்கிலாந்தில் 2021 இல் அரசாங்கம் அந்த நிதியை நிறுத்திவிட்டது. பிரதிநிதியின் உரிமை மட்டும் சட்டத்தில் நிற்கிறது. திட்டமாகக் கிடைப்பது காசு தீர்ந்ததும் போய்விடும், சட்டமாகவும் ஒப்பந்தமாகவும் கிடைப்பது நிற்கும்.

எங்கே எழுதுவது?

அதனால்தான் இந்த உரைக்கு இந்தத் தலைப்பை வைத்தோம். கம்பனியும் பல்கலைக்கழகமும் தங்களுக்குள் எழுதும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் தொழிலாளிக்குக் கையொப்பமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் செய்யும் கூட்டு ஒப்பந்தம் வேறு. வர்த்தமானியில் வந்த பிறகு அதன் நிபந்தனைகள் அது கட்டுப்படுத்தும் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்திலும் சேர்ந்துவிடும். மீறினால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். சம்பளத்தையும் வேலை நேரத்தையும் எழுதிய இடத்தில் படிப்பு நேரத்தையும் தகைமைக் கொடுப்பனவையும் எழுத முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதலாளிமார் சம்மேளனத்தோடு பேசும்போது இந்த ஆறு விடயமும் நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கம்பனியோடு, ஒரு பாடநெறிக்கு மட்டும் செய்தாலும் நல்ல தொடக்கம்.

தோழர்களே, வீட்டுக்குப் போகும்போது மூன்று வேலையை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலாவது, உங்கள் தோட்டத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கவ்வாத்து, நாற்றுமேடை, மருந்து அடிப்பது, ரோலர், டிரையர், பிள்ளைப் பராமரிப்பு என்று பிரித்து, பெயரும் எத்தனை வருடம் என்பதும். நாளைக்கு முன்கற்றலை அங்கீகரிக்கக் கேட்கும்போது இந்தக் கொப்பிதான் தொடக்கம்.

இரண்டாவது, வீட்டில் சும்மா கிடக்கும் பயிற்சிச் சான்றிதழ்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள். எதில் மட்டமும் பதிவு இலக்கமும் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்போம். இருப்பதை மேலே கொண்டு போவோம். இல்லாதவர்களுக்கு மறுபடி சோதனைக்கு வழி கேட்போம்.

மூன்றாவது, தோட்டத்துக்குப் புதிய பயிற்சித் தாள் எது வந்தாலும், கையொப்பமிட முன் சங்கக் காரியாலயத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஆறு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குவோம். பதில் வந்த பிறகு கையொப்பமிடலாம். பதில் நல்லதாக இருந்தால் நாமே ஆள் சேர்த்துக் கொடுப்போம்.

அந்த அக்கா இப்போதும் நம் அங்கத்தவர்தான். அந்தச் சான்றிதழ் இன்னும் சுவரில் தொங்குகிறது. அவர் பெயர் அந்தத் தோட்டத்துக் கொப்பியில் முதலாவதாக இருக்கும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். மற்றப் பெயர்களை எழுத வேண்டியது நீங்கள்.